சொம்பில் வெட்டிய பெயர்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களின் நினைவாகப் பத்தடி நீளத்தில் ஓர் ஓவியம் வரைந்திருக்கிறேன். குண்டுவீச்சில் அழிந்த குவெர்னிகா என்ற ஸ்பெயின் ஊரைப் பற்றிப் பிக்காசோ வரைந்த ‘குவெர்னிகா’தான் முன்மாதிரி. மூன்று வாரத்தில் முடித்தேன். அதைப் பார்த்த நண்பர், “நீ அங்கே இருந்தாயா? இதை வரைய உனக்கு என்ன உரிமை?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. படாதவர்கள் வரையலாமா? வரைவதால் இறந்தவர்களுக்கு என்ன ஆகிறது? ஓவியத்துக்கு ‘நாற்பதாயிரம்’ என்று தலைப்பு வைக்கலாமென்று இருக்கிறேன், சரியாக இருக்குமா?

ஓர் ஓவிய ஆசிரியை, ஏற்காடு

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தேன். கை நன்றாக ஓடுகிறது உங்களுக்கு. உரிமை பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். குவெர்னிகாவில் குண்டு விழுந்த அன்று பிக்காசோ பாரிசில்தான் இருந்தார். இதை நண்பரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

எனக்குக் கோபம் வந்தது, பிக்காசோவைப் பார்த்து நீங்களும் வரைந்திருக்கிற அந்தக் குதிரையைப் பார்த்துத்தான். ஸ்பெயின்காரர் காளையையும் குதிரையையும் மைதானத்தில் பார்த்து வளர்ந்தவர், அவருக்கு அது வந்தது. முள்ளிவாய்க்காலை ஒட்டிய நந்திக்கடல் ஓரத்தில் குதிரை எங்கிருந்து வந்தது? அங்கே இருந்தவை பதுங்குகுழியும் தறப்பாள் என்கிற தார்ப்பாயும் சைக்கிளும் கஞ்சிப் பானையும். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான் அந்தக் கஞ்சி. ஒவ்வொரு மே மாதமும் அதையே காய்ச்சி ஆளுக்கொரு வாய் குடித்து நினைவுகூர்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த நினைவுச் சின்னத்தை 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடித்தார்கள், சில மாதத்தில் அது திரும்ப எழுந்தது. கஞ்சியை யாராலும் இடிக்க முடியவில்லை. அந்தப் பானை உங்கள் பத்தடியில் எங்கேயும் இல்லையே அம்மா.

மூன்று வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்று ஓர் ஓவியர், சிற்பியும்கூட. 1914இல் முதல் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்தார். அவனுக்காக அவர் செய்யத் தொடங்கிய சிற்பம் 1932இல்தான் அவன் புதைந்த பெல்ஜியம் மயானத்துக்குப் போனது. முழந்தாளிட்ட ஒரு தாய், ஒரு தகப்பன். இரண்டும் அவரும் அவர் கணவரும்தான். பெற்றவளுக்கே அத்தனை வருடம் ஆனது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான். நாற்பதாயிரம் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐநா குழு சொன்னது. அதைவிடக் கூட என்பவர்களும் உண்டு. அந்தக் கணக்கு நீதிக்கு வேண்டும், கடைசிவரை கேட்க வேண்டும். ஓவியத்துக்கு அது எதற்கு? எண்ணைச் சொன்னதும் கேட்பவர் ‘அடடா’ என்பார், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். யாருக்காகவும் அழ முடியாத ஒரு தலைப்பை நீங்களே தேடி எடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் மலையிலிருந்து இறங்கி அஸ்தம்பட்டி வழியாகத்தானே சேலம் வருகிறீர்கள்? அங்கே இருக்கிற மத்திய சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடியரசு பிறந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். அப்போது மலபார் சென்னை மாகாணத்தோடு இருந்ததால் அந்த விவசாயிகளை இவ்வளவு தூரம் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். கட்சிக்காரர்கள் வருடாவருடம் அஞ்சலி செலுத்துகிறார்கள். நான் எத்தனையோ சேலத்துக்காரர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். சிலருக்கு 22 தெரிகிறது. ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

நம் ஆட்கள் இப்படி இருந்தவர்கள் இல்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவனுக்கு எடுத்த கல். பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதை எழுதி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். ஏறக்குறைய 1,400 வருடமாக அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது. தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிச் செத்தவளுக்கு உங்கள் ஓவியத்தில் பெயர் இல்லை. திறந்த வாய் மட்டும் இருக்கிறது.

வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரை 21 வயதில் வடிவமைத்தவர் மாயா லின் என்ற மாணவி. 1982இல் திறந்தார்கள். கருப்புக் கிரானைட், நம் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிய கல். சிலை இல்லை, ரத்தம் இல்லை. 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பதவி எதுவும் போடாமல், செத்த வரிசையில். வருகிறவர்கள் தங்கள் ஆளின் பெயரைத் தேடி, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் போகிறார்கள். வியட்நாமியர் பெயர் அதில் இல்லை, அந்தக் குறையைத் தனியாகப் பேச வேண்டும்.

ஏன் இப்படிப் பெயர் பெயர் என்று அடித்துக்கொள்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது.

என் அம்மாவைப் பெற்ற ஆயா ஓமலூர் பக்கத்துக்காரி. தாத்தா 1937வாக்கில் கங்காணியோடு மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனார். அம்மா அப்போது கைக்குழந்தை. ஜப்பான்காரன் வந்த பிறகு கடிதம் நின்றது. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர் சொன்னதுதான் தகவல்: சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில்ரோடு போடக் கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை. எந்த நாள், எந்த இடம், காலராவா பட்டினியா, ஒன்றும் தெரியாது. நாள் தெரியாததால் ஆயா திதி கொடுக்கவில்லை, தாலியையும் கடைசிவரை கழற்றவில்லை.

கல்யாணத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய சொம்பு அது. கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகத் தாத்தா பெயர் வெட்டியிருக்கும். ஆடிப் பதினெட்டு அன்று ஆயா அதைப் புளிபோட்டுத் தேய்ப்பாள். பெயர் இருக்கிற இடம் வந்ததும் புளியை ஒதுக்கிவிட்டு விரல் நுனியால் மட்டும் தடவுவாள். அதனால் சொம்பு முழுக்கத் தங்கமாக மின்னும், அந்த ஒரு வரி மட்டும் கறுத்திருக்கும். அப்புறம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். “படி சாமி” என்பாள். நான் சத்தமாகப் படிப்பேன். “இன்னொருக்கா” என்பாள். மூன்று தரம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

அவள் சொல்லாத பெயரை நானும் இங்கே சொல்லவில்லை. முதல் எழுத்து அ. நடுவில் 1978க்கு முந்தைய சுழித்த ணா. கடைசியில் துதிக்கை வைத்த பழைய லை. என் மகளுக்கு அந்த இரண்டு எழுத்தும் பிடிபடவில்லை, சொல்லிக்கொடுத்தேன். நீங்களும் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரர்கள் போட்ட அந்தச் சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். தாய்லாந்தில் காஞ்சனபுரி மயானத்தில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான போர்க் கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது. ரொனால்ட் சேர்ல் என்ற ஆங்கிலேயக் கைதி திருட்டுத்தனமாகப் படம் வரைந்து, காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். அந்தப் படங்கள் இன்று லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கைதிகளைவிடப் பல மடங்கு செத்தவர்கள் தமிழரும் மலாய்க்காரரும் பர்மியருமான கூலிகள். 2023இல் மலேசியத் தமிழர்கள் அங்கே ஒரு நடுகல் நட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று சொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்பது வருடம் கழித்து அவருக்கு ஒரு கல்.

உங்கள் ஓவியத்தைக் கிழிக்க வேண்டாம். சுருட்டிப் பரணில் வையுங்கள். சேலம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. போங்கள். முதல் தடவை நோட்டும் பென்சிலும் கொண்டுபோகாதீர்கள். பேசுங்கள், அவர்கள் தருகிற தேநீரைக் குடியுங்கள். யாராவது தன் ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். வரையலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். சரி என்றால் அந்த ஒருவரை மட்டும் வரையுங்கள், பெயரோடு.

அடுத்து மலை இறங்கும்போது எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். மெல்லிய தாளும் பென்சிலும் எடுத்து வாருங்கள். சொம்பைத் துடைத்து வைக்கிறேன். பார்த்துத் தேய்க்க வேண்டும், கடைசி எழுத்தில் புள்ளிகள் தேய்ந்துவிட்டன.

அன்புடன்.