வால்பேப்பர் மாற்ற எண்ணூறு ரூபாயா?

கம்ப்யூட்டரையும் பிரவுசரையும் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும். வழக்கம்போல் சுருக்கியிருக்கிறேன். ஊர் இருக்கும், பெயர் இருக்காது.

கே: புது லேப்டாப் வாங்கிய கடையிலேயே ‘டெஸ்க்டாப் செட்டிங்’ என்று 800 ரூபாய் வாங்கினார்கள். ஒகேனக்கல் அருவி வால்பேப்பர், கறுப்புத் தீம், ஓரத்தில் ஓடும் கடிகாரம். இது நியாயமான கட்டணமா? (தர்மபுரி)

ப: தொகையை முன்பே சொல்லி, நீங்களும் தலையாட்டியிருந்தால் சட்டப்படி தப்பில்லை. நியாயமா என்றால், இல்லை. டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். ‘பெர்சனலைஸ்’ என்று ஒரு வரி இருக்கும். பின்னணிப் படம், நிறம், லாக் ஸ்கிரீன், தீம் எல்லாம் அதற்குள்தான். கறுப்புத் தீம் என்று காசு வாங்கியது ‘கலர்ஸ்’ பகுதியில் இருக்கும் ‘டார்க்’. ஒரு கிளிக். ஆடிப்பெருக்குக்குப் போனபோது உங்கள் செல்போனில் எடுத்த ஒகேனக்கல் படம் இதைவிட நன்றாகவே இருக்கும்.

என் கவலை அந்தக் கடிகாரம். விண்டோஸோடு வராத ஏதோ ஒரு புரோகிராம் அது. எங்கிருந்து இறக்கினார்கள் என்று கடையில் கேளுங்கள். மழுப்பினால் அன்றே அழித்துவிடுங்கள். மணி பார்க்கத்தான் கீழே மூலையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே.

கே: கலர் கலராக லைட் எரியும் கீபோர்டு வாங்கலாமா? (கிருஷ்ணகிரி)

ப: என் வீட்டுப் பரண்மேல் ஒன்று கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: ஓசூரில் ஒரு கடையில் 18,000 ரூபாய்க்குப் பழைய லேப்டாப் வாங்கினேன். ‘ஒரிஜினல் விண்டோஸ்’ என்றுதான் கொடுத்தார்கள். வால்பேப்பர் மாற்றப் போனால் எல்லாம் மங்கலாகக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை. திரையின் வலது மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று எந்நேரமும் தெரிகிறது. போன் செய்தால், ‘ஒரு சின்ன ஃபைல் அனுப்பறேன், ஓட்டிவிடுங்க, போயிடும்’ என்கிறார்கள். (பாலக்கோடு)

ப: அந்தச் சின்ன ஃபைலைத் தொடாதீர்கள். அது கிராக், அதாவது உரிமம் வாங்காமலே பூட்டை உடைக்கும் திருட்டு புரோகிராம். ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதிலிருந்தே அதன் யோக்கியதை தெரியும்.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஆக்டிவேட் செய்யாத, அதாவது உரிமம் சரிபார்க்கப்படாத விண்டோஸில் பெர்சனலைஸ் பகுதி பூட்டிக்கொள்ளும். மூலையில் தெரியும் வாசகமும் அதனால்தான். செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன் என்று போய், அங்கே வருவதைப் போட்டோ எடுத்து வையுங்கள். கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதற்குரிய பதிப்பைத் திரும்பப் போட்டு நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கடைக்காரர் கையில் கிடைத்த பதிப்பைப் போட்டு விற்றிருக்கிறாரோ என்னவோ. சரியாகப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பணத்தைக் கேளுங்கள்.

பில் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆக, பில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் விற்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று எழுதியிருக்கிறது. ‘பில் வேண்டாம்னா ஆயிரம் குறைச்சுக்கறேன்’ என்ற பேச்சுக்கு மயங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். யுபிஐ-யில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், ‘ஒரிஜினல்’ என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதுவும் சான்றுதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தர்மபுரியிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய லேப்டாப் வாங்கப்போகும் மற்றவர்களுக்கு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். கடையில் நின்று, திரையைத் திறக்கச் சொல்லி, ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

கே: நான் இருப்பது ஓசூர். கம்ப்யூட்டர் மூலையில் பெங்களூரு வானிலை, தேடினால் பெங்களூரு கடைகள். (ஓசூர்)

ப: உங்கள் நெட் இணைப்பின் முகவரியை வைத்து இடத்தை ஊகிக்கிறது, வானிலைக் கட்டத்தைத் திறந்து ஊரை நீங்களே ஓசூர் என்று கொடுங்கள்.

கே: புது டேப் திறந்தால் தினம் ஒரு இயற்கைக் காட்சி வரும் என்று, பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டேன். படம் வருகிறது. ஆனால் எதைத் தேடினாலும் கேள்விப்படாத ஒரு தளத்துக்குப் போகிறது. இலவசம்தானே, எதற்கு இப்படி? (ஊத்தங்கரை)

ப: இலவசம் என்பதால்தான். உங்கள் தேடலைத் தங்கள் பக்கம் திருப்பி, அங்கே வரும் விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்கள். போடும்போது ‘எல்லா இணையதளங்களிலும் உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்’ என்று ஒரு அனுமதி கேட்டிருக்கும். படம் காட்டுவதற்கு உங்கள் பேங்க் பக்கத்தைப் படிப்பானேன் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் ‘சர்ச் எஞ்சின்’ பகுதியில் பழையதைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள். படம்தான் வேண்டும் என்றால், குரோமில் புது டேப்பின் வலது கீழ் மூலையில் ஒரு பென்சில் படம் இருக்கிறது. உங்கள் சொந்தப் படத்தையே பின்னணியாக வைக்கலாம், நிறம் மாற்றலாம். ஃபயர்ஃபாக்ஸுக்கும் தீம்கள் இலவசம். எந்த எக்ஸ்டென்ஷனும் தேவையில்லை.

கே: ‘7 நாள் இலவசம்’ என்று ஒரு வால்பேப்பர் ஆப் போட்டேன். இப்போது மாதாமாதம் 199 ரூபாய் போகிறது. ஆப்பை அழித்தும் நிற்கவில்லை. போன வருடம் ஜாதக ஆப்பிலும் இப்படித்தான் போனது. (காவேரிப்பட்டணம்)

ப: போன வருடமும் இதே கேள்வி, இதே பதில். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. உங்கள் யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ என்ற இடத்தைத் திறந்து அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். கார்டு கொடுத்திருந்தால், ஆப் வாங்கிய ஸ்டோரிலேயே சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில் ரத்து செய்யலாம். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கும் வந்திருக்கும். மெசேஜைப் படியுங்கள் ஐயா! யுபிஐ பின் போடச் சொன்னால் அது இலவசம் இல்லை. ஜாதக ஆப் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

கே: டிடிபி கடை வைத்திருக்கிறேன். ‘300 தமிழ் ஃபாண்ட், டைப்பிங் சாஃப்ட்வேர்’ என்று பென் டிரைவில் போட்டு 2,500 ரூபாய்க்குத் தேடி வந்து விற்றார்கள். பத்திரிகை அச்சில் அழகாக வருகிறது. ஆனால் அதையே காப்பி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குப்பையாகத் தெரிகிறது. பிரவுசரில் தமிழில் தேடவும் முடியவில்லை. சாஃப்ட்வேரில் குறையா? (அரூர்)

ப: சாஃப்ட்வேரில் குறை இல்லை அம்மா, அதன் பிறப்பே அப்படி. என்னை இந்த விஷயத்தில் கிளறிவிட்டீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் டிடிபி கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பாமினி போன்ற பழைய ஃபாண்ட்கள் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டவை. கம்ப்யூட்டருக்கு அது தமிழ் என்றே தெரியாது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அந்த ஃபாண்ட் இல்லாத செல்போனில் வேஷம் கலைந்துவிடுகிறது. கூகுளில் தேட முடியாததும் இதனால்தான். எல்லா மொழி எழுத்துக்கும் உலகம் முழுக்கப் பொதுவாக வைத்திருக்கும் யூனிகோடு முறையில் அடித்தால் உலகத்தில் எந்தத் திரையிலும் தமிழ் தமிழாகவே தெரியும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று உத்தரவு போட்டது 2010-இல். இத்தனை வருடம் கழித்தும், திருமண மண்டபத்துப் பதிவு ரசீது முதல் பள்ளிக்கூட நோட்டீஸ் வரை பழைய ஃபாண்டில் அடித்துத் தள்ளுகிறோம். அடுத்த வருடம் அந்த ஃபைலைத் திறந்தால் ஃபாண்ட் இருக்காது, எல்லாவற்றையும் மறுபடி அடிப்போம். அதற்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. இந்தக் கூத்தை முதலீடாக வைத்துத்தான் பென் டிரைவ் வியாபாரிகள் பிழைக்கிறார்கள்.

இனி காசில்லாமல் செய்ய வேண்டியது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டு பட்டியலில் ‘தமிழ் 99’ எடுங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு அங்கீகரித்த அமைப்பு அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. ஆங்கில ஒலிப்படி அடித்துப் பழகியவர்களுக்கு ‘அஞ்சல்’ அமைப்பும் அங்கேயே உண்டு. மொழி மாற்ற விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸ். ஃபாண்டுக்கு கூகுள் ஃபாண்ட்ஸ் போங்கள். மீரா இனிமை, கவிவாணர், முக்த மலர், பவனம், பாலூ தம்பி என்று அழகழகாக இருக்கின்றன. எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை, கடையில் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம். காதணி விழா பத்திரிகைத் தலைப்புக்குக் கவிவாணரைப் போட்டுப் பாருங்கள், எழுத்து சற்றே சாய்ந்து, கையால் எழுதியதுபோல் நிற்கும். பழைய பாமினி ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

அந்த 2,500 ரூபாய்? பில்லோ, விற்றவரின் முகவரியோ இருந்தால் 1915-இல் சொல்லிப் பாருங்கள். 300 ஃபாண்டில் எத்தனை அவர் விற்கும் உரிமை பெற்றவை என்று கேட்டாலே இறங்கி வருவார்.

கே: தையல் வேலை செய்கிறேன். மகள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர். மூலையில் ‘வைரஸ் வந்துவிட்டது’ என்று திரும்பத் திரும்ப வந்தது, ஒரு போன் நம்பரும் இருந்தது. பயந்து கூப்பிட்டேன். ஏதோ ஒன்றைப் போடச் சொல்லி, அவர்களே உள்ளே வந்து சரிசெய்வதுபோல் காட்டி, 4,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். என் தப்புதானே? (போச்சம்பள்ளி)

ப: உங்கள் தப்பு இல்லை. பயமுறுத்தித் திருடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் படித்தவர்களும்தான் மாட்டுகிறார்கள்.

இதைப் படித்ததும் 1930-ஐக் கூப்பிடுங்கள், சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பேங்கிலும் எழுதிக் கொடுங்கள். கம்ப்யூட்டரின் நெட்டைத் துண்டித்துவிட்டு அவர்கள் போடச் சொன்ன ரிமோட் புரோகிராமை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

அந்த எச்சரிக்கை கம்ப்யூட்டரிலிருந்து வந்ததாக இருக்காது. ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ அழுத்தச் சொல்லியிருப்பார்கள், மகளோ நீங்களோ அழுத்தியிருப்பீர்கள். அன்று முதல் அந்தத் தளம் திரை மூலையில் எதை வேண்டுமானாலும் காட்டலாம். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றும் வைத்துவிடலாம். பொய் வைரஸ் பயம் காட்டிப் பணம் பறிப்பது, 2023-இல் மத்திய அரசு தடைசெய்த 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்று. நிஜமான விண்டோஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. இதை மகளுக்கும் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள்.

கே: ஒரே கம்ப்யூட்டர், நாலு பேர். என் யூடியூபில் பையனின் கேம் வீடியோவாக வருகிறது. இன்னொன்று வாங்கலாமா? (தேன்கனிக்கோட்டை)

ப: வேண்டாம். குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் போடுங்கள். புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டு, தீம் எல்லாம் தனித்தனி. பையன் உங்கள் புரொஃபைலுக்குள் நுழைவான் என்றால் விண்டோஸிலேயே தனி யூசர் அக்கவுன்ட், அதற்குப் பாஸ்வேர்டு.

கே: அப்பாவுக்கு 74 வயது. கம்ப்யூட்டரில் பேப்பர் படிக்கக் கண் தெரியவில்லை என்கிறார். பெரிய மானிட்டர் எது வாங்கலாம்? (பென்னாகரம்)

ப: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’ திறந்து எழுத்தளவைக் கூட்டுங்கள், 225 சதவீதம் வரை போகும். மவுஸ் அம்புக்குறியையும் அங்கேயே பெரிதாக்கி மஞ்சளாக்கலாம்; வயதானவர்கள் அதைத் தேடித்தான் பாதி நேரம் தவிக்கிறார்கள். பேப்பர் தளத்தில் கன்ட்ரோல் பட்டனோடு பிளஸ். குரோம் ஒரு தளத்துக்கு வைத்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும், தினமும் மாற்ற வேண்டாம். எட்ஜ் பிரவுசரில் எஃப்9 அழுத்தினால், பல செய்திப் பக்கங்களில் விளம்பரம் எல்லாம் விலகிச் செய்தி மட்டும் நிற்கும். அதே எட்ஜில் ‘ரீட் அலவுட்’ என்று ஒன்று உண்டு. பல்லவி, வள்ளுவர் போன்ற தமிழ்க் குரல்கள், பக்கத்தைப் படித்தே காட்டும். நெட் மட்டும் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் தெரியவில்லை என்றால், முதலில் கண் டாக்டர். மானிட்டர் அதற்கு அப்புறம்.

கே: கீபோர்டில் ஒட்டும் தமிழ் ஸ்டிக்கர் வாங்கலாமா? (நல்லம்பள்ளி)

ப: வாங்கலாம். தமிழ் 99 அமைப்பா, பழைய தட்டச்சு அமைப்பா என்று கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் வாங்கி ஒட்டியதில், ‘க’ என்று ஒட்டியிருந்ததை அழுத்தினால் வேறேதோ வந்தது. தாளில் அச்சடித்தது வேண்டாம், விரல் வியர்வையில் ஒரு மாதம் தாங்காது. பிளாஸ்டிக்கில் வருவதைக் கேளுங்கள்.