வாடிக்கையாளர் வாரந்தோறும் புதிதாகக் கேட்டால்?

கேள்வி: கணினி அறிவியல் இளநிலை இறுதியாண்டு மாணவர்களான நாங்கள் 5 பேர், ஒரு நிறுவனத்தின் கிடங்கு இருப்பைக் கண்காணிக்கும் செயலியை உருவாக்கி வருகிறோம். 14 வாரங்களில் 6 முடிந்துவிட்டன. ஒவ்வொரு சந்திப்பிலும் அவர்கள் புதிய வசதி ஒன்றைக் கேட்கிறார்கள். மறுத்தால் மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சுகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் கேட்பதில் தவறில்லை, திரையில் ஒன்றைப் பார்த்த பிறகுதான் தமக்கு என்ன தேவை என்பது பலருக்கும் புலப்படுகிறது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, எதையும் எழுதி வைக்காமல் திரும்புவதுதான் சிக்கலின் வேர்.

முதலில் உங்கள் நேரக் கையிருப்பைக் கணக்கிடுங்கள். மீதமுள்ள 8 வாரங்களில் கடைசி 2 வாரங்களைச் சோதனைக்கும் அறிக்கைக்கும் ஒப்படைப்புக்கும் ஒதுக்கிவிட்டு, ஒருவர் வாரத்துக்கு 10 மணி நேரம் உழைப்பதாகக் கொண்டால், நிரல் எழுத மொத்தம் 300 மணி நேரம் மிஞ்சும். (பெரும்பாலான குழுக்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் சற்று நேரம் பேச்சிழந்து போகின்றன.)

அடுத்து, கேட்கப்பட்ட வசதிகள் அனைத்தையும் கட்டாயம் வேண்டியவை, வேண்டியவை, இருந்தால் நல்லவை, இந்தத் தடவை செய்யாதவை என நான்காகப் பிரியுங்கள். 1994இல் மென்பொருள் வல்லுநர் டாய் கிளெக் வகுத்த இம்முறைக்கு 'மாஸ்கோ' என்று பெயர். நான்கு வகைகளின் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து பிறந்த பெயரே தவிர, அந்த நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கட்டாய வகை மொத்த உழைப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இதைப் பயன்படுத்துவோர் கடைப்பிடிக்கும் வரம்பு. உங்களுக்கு அது 180 மணி நேரம். நான்காவது வகையை வெறுமையாக விடாதீர்கள், பின்னாளில் உங்களைக் காப்பது அந்தப் பட்டியல்தான்.

இனிப் புதிய கோரிக்கை வரும்போது 'முடியாது' என்று சொல்லத் தேவையில்லை. "கைப்பேசிக் கேமராவால் பார்கோடு படிக்கும் வசதிக்கு 40 மணி நேரம் ஆகும், அதைச் சேர்த்தால் மாதாந்திர அறிக்கையை விட்டுவிட வேண்டும், எது வேண்டும்?" என்று கேளுங்கள். தேர்வு அவர்களுடையதாக இருக்கட்டும். அன்று மாலையே முடிவை மின்னஞ்சலில் எழுதி, வழிகாட்டிப் பேராசிரியருக்கும் நகல் அனுப்புங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றிய அச்சத்துக்கு, மதிப்பீட்டு விதிகளைப் பேராசிரியரிடமே கேட்டுத் தெளிவதுதான் வழி. வசதிகளின் எண்ணிக்கையைவிட, எதை ஏன் விட்டீர்கள் என்ற விளக்கத்தையே, மதிப்பிடுபவர் நானாக இருந்தால், உன்னிப்பாகப் படிப்பேன்.

நிரலின் உரிமை யாருக்கு என்பதையும் இப்போதே எழுத்தில் பெறுங்கள். ஜிபிஎல் உரிமமுள்ள (செயலியைப் பிறருக்குத் தரும்போது மூல நிரலையும் தரக் கோரும் திறந்த மூல உரிமம்) நிரல் நூலகம், அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு, எதையேனும் சேர்த்திருந்தால், ஒப்படைக்கும் முன் அதை அவர்களிடம் தெரிவித்துவிடுங்கள்.