தேதி தாண்டிவிட்டது, வலி வரவில்லை

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி போய் நாலு நாள் ஆகிறது. 41 வாரம் முடிந்ததும் மருந்து வைத்து வலி வரவழைக்கலாம் என்கிறார்கள். வீட்டிலோ, 'தானா வரும், அவசரப்படாதே' என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நாலு நாளுக்கெல்லாம் பயப்படாதீர்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிப் போட்ட கணக்கு அது, சரியாக அந்த நாளிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்குக் கணக்கே தப்பிவிடும் என்பதால், முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் என்ன தேதி சொல்கிறது என்று ஃபைலை எடுத்துப் பாருங்கள். கடைசி மாத ஸ்கேனில் வரும் தேதியை நம்பிக் குழம்ப வேண்டாம்.

தேதி சரிதான் என்றால், நான் உங்கள் டாக்டர் பக்கம். 41 வாரத்துக்கு மேல் போகப்போக நஞ்சுக்கொடியின் வேலை தளரலாம், பனிக்குட நீர் குறையலாம், குழந்தை உள்ளேயே மலம் கழித்து அதை மூச்சோடு இழுத்துவிடவும் கூடும். வயிற்றிலேயே குழந்தை இறந்துபோவது அரிதுதான், ஆனால் அந்த ஆபத்து வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் முடிந்தால் வலி வரவழைக்கத்தான் சொல்கிறது.

அதுவரை சும்மா இருக்கக் கூடாது. குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் என்.எஸ்.டி. என்ற சோதனை எடுப்பார்கள்: வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி இருபது நிமிடம் படுக்க வைப்பார்கள், குழந்தை அசையும்போதெல்லாம் காகிதத்தில் ஓடுகிற இதயத்துடிப்புக் கோடு சட்டென்று மேலே ஏறி இறங்கும், அதைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதி. ஸ்கேனில் நீரின் ஆழமான இடம் 2 செ.மீ.க்குக் கீழே போனால் காத்திருக்க மாட்டோம்.

வலி வரவழைத்தால் ஆபரேஷனில்தான் முடியும் என்று பலர் பயமுறுத்துவார்கள். 41 வாரத்தில் வலி வரவழைத்தவர்களையும் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. கர்ப்பப்பை வாய் இன்னும் இளகவில்லை என்றால் முதலில் ஜெல் அல்லது பலூன் வைப்பார்கள், அப்புறம் டிரிப். முதல் பிரசவத்தில் இது ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் ரொம்ப முக்கியம். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், நேற்றுதான் என்.எஸ்.டி. நன்றாக இருந்ததே என்று இருந்துவிடாதீர்கள், நடுராத்திரி ஆனாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.