20 அடி வாய்க்காலுக்கு நடுவில் தூண் வேண்டுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "தோட்டத்தின் குறுக்கே 20 அடி அகல வாய்க்கால் ஓடுகிறது. டிராக்டர் டிரெய்லரோடு போய்வரப் பாலம் வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் 10 அடிக்கு 200 மில்லி ஐ பீம் இரண்டு போட்டிருக்கிறார்கள், அசையாமல் நிற்கிறது. அதையே நானும் போடலாமா? இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாமா? கொத்தனார் நடுவில் தூண் எழுப்பச் சொல்கிறார்."

அந்த பீம் போதாது. தூணும் வேண்டாம். 200 மில்லி என்பது அந்த I வடிவ இரும்பு உத்திரத்தின் உயரம், மில்லிமீட்டரில்; அதைவிட உயரம் கூடிய பீமாகப் போடுங்கள்.

ஏன் என்று தெரிய, பென்சில் ரப்பர் ஒன்றின் பக்கவாட்டில் பேனாவால் வரிசையாகச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இரு முனையையும் தாங்கவிட்டு நடுவில் அழுத்தினால் கோடுகள் மேலே நெருங்கும், கீழே விலகும், நடு உயரத்தில் அப்படியே இருக்கும். பாலத்து பீமிலும் மேல்பகுதி நசுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. அதனால்தான் ஐ பீமில் இரும்பை மேலும் கீழும் பட்டையாகக் குவித்து, இடையில் மெல்லிய தகடு வைக்கிறார்கள். கான்கிரீட் நசுக்கலை நன்றாகத் தாங்கும்; இழுப்பை அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தாங்கும். ஆகவே கம்பி அடியில் போகிறது.

இப்போது உங்கள் 20 அடிக்கு வருவோம். நடுவில் அதே சுமை நின்றாலும், நீளம் இரு மடங்கானதும் பீமை வளைக்கும் தாக்கம் இரு மடங்காகும், தொய்வு எட்டு மடங்காகும். போதாக்குறைக்கு, 10 அடிப் பாலத்தில் பெரும்பாலும் ஒரு கனமான அச்சுதான் ஒரு நேரத்தில் ஏறும். 20 அடியில் டிராக்டரின் பின் அச்சும் டிரெய்லர் அச்சும் சேர்ந்தே ஏறிவிடலாம்.

அடுக்கும் யோசனை பாதி சரி. இரண்டு பலகையைச் சும்மா அடுக்கினால் வளையும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். வலு இரு மடங்குதான். முழு நீளத்துக்கும் ஒட்டி ஒரே பலகையாக்கினால் நான்கு மடங்கு. ஐ பீமில் லாபம் இவ்வளவு வராது, வெல்டிங்கையும் நம்பியாக வேண்டும். அதற்கு 300 மில்லி பீமே மேல். 200 மில்லி பீம் மீட்டருக்குச் சுமார் 25 கிலோ, 300 மில்லி சுமார் 44 கிலோ. எடை ஒன்றே முக்கால் மடங்கு; வலு இரண்டரை மடங்கு, விறைப்பு, அதாவது தொய்யாமல் நிற்கும் தன்மை, ஏறக்குறைய நான்கு மடங்கு. இரண்டு பீமா மூன்றா என்பதை உங்கள் டிரெய்லரின் முழுப் பாரத்தைச் சொல்லி ஒரு பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எவ்வளவு அகலத்தையும் தாண்டிவிடலாமா? முடியாது. எல்லா அளவையும் இரு மடங்காக்கினால் பீமின் எடை எட்டு மடங்கு, அந்த எடை தன்னையே வளைக்கும் தாக்கம் பதினாறு மடங்கு. வலுவோ எட்டு மடங்குதான். ஒரு கட்டத்துக்கு மேல் பீம் தன்னைச் சுமப்பதிலேயே தீர்ந்துவிடும். பிரேசிலின் ரியோ–நித்தெரோய் பாலத்தில் (1974) கப்பல் போகும் கண், அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட தூரம், 300 மீட்டர்; பீம் எஃகில் செய்த, உள்ளே வெற்றான பெட்டி வடிவம். சீனாவின் சோங்சிங்கில் ஷிபான்போ பாலம் (2006) 330 மீட்டர். கான்கிரீட் பீம்தான், ஆனால் எடையைக் குறைக்க நடுவில் 108 மீட்டரை எஃகில் செய்தார்கள். இவை தூண் தாண்டியும் தொடர்ந்து ஓடும் பீம்கள், தூணருகே தடித்தும் இருக்கும். இதற்கு மேல் போக வேண்டுமானால் வளைவு, கம்பிவடம் என்று வேறு வகைதான்.

நீளமான பாலங்களில் கண்கள் பெரும்பாலும் சிறியவையே. 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் 99 கண்கள் 18.3 மீட்டர்தான், படகும் கப்பலும் போகும் தூக்குப் பகுதி மட்டும் 72.5 மீட்டர். கடல்மேல் அப்படித்தான் கட்டுப்படியாகும். கொத்தனார் சொன்னதும் இந்தக் கணக்குதான், இடம்தான் தப்பு. வாய்க்கால் நடுவில் தூண் வைத்தால் ஆகாயத்தாமரையும் குப்பையும் அதில் சிக்கித் தண்ணீர் தேங்கும்; தூணடி மண்ணும் அரிக்கும்.

சிறு பாலங்கள் பலவும் பீம் உடைந்து விழுவதில்லை, கரையோரம் மண் அரித்துத்தான் சாய்கின்றன. கரைச்சுவரின் அஸ்திவாரத்தை வாய்க்கால் தரைக்குக் கீழே நன்றாக இறக்குங்கள். பீம் இரு பக்கமும் சுவரில் உட்கார வேண்டும், அதனால் 20 அடி நீளம் போதாது. பீம்களுக்கிடையே குறுக்கு இரும்பு கொடுங்கள். நசுங்கும் மேல்பட்டை பக்கவாட்டில் துவளப் பார்க்கும். ஒரு முனையில் போல்ட் துளையை நீளவாக்கில் வையுங்கள். 30 டிகிரி வெப்பம் கூடினால் உங்கள் பீம் 2 மில்லி நீளும். அப்புறம், வாய்க்கால் அரசுடையது என்றால் நீர்வளத் துறையின் அனுமதி வாங்கிவிட்டு பீமுக்கு முன்பணம் கொடுங்கள். பாலத்தின் அடிமட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.