உளவள ஆலோசனைப் பயிற்சியில் ஆளுமைக் கோட்பாடுகளை இவ்வளவு படித்துத்தான் ஆக வேண்டுமா?

கேட்டவர் அநேகமாக முதலாண்டுப் பயிற்சியில் இருப்பார். உளவியலாளர் எரிக்சன் மனித வாழ்க்கைக்கு வகுத்த எட்டு வளர்ச்சிப் பருவங்களை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்யும் வேளையில், எதிரில் ஒருவர் அழுதால் என்ன செய்வது என்பதை ஏன் எவரும் சொல்லித்தரவில்லை என்ற எரிச்சல் எழுந்திருக்கும் என ஊகிக்கிறேன். அந்த எரிச்சல் எனக்கும் இருந்தது. ஆயினும், படிக்கத்தான் வேண்டும் என்பதே என் பதில்.

ஆளுமைக் கோட்பாட்டுத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் பெற்றவள் நான். (பெருமைக்காகச் சொல்லவில்லை என்பது சற்று நேரத்தில் விளங்கும்.) உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1959இல் விரிவாக முன்வைத்த கோட்பாடே என் கட்டுரைப் பொருள். தன் நடத்தைகளில் சிலவற்றுக்கு மட்டுமே பெரியவர்களின் அன்பு கிடைக்கிறது என்று உணரும் குழந்தை, அந்த நிபந்தனைகளையே தன் மதிப்பை அளக்கும் கோலாக உள்வாங்கிக்கொள்கிறது. அவற்றோடு ஒவ்வாத சொந்த அனுபவங்களைத் திரித்துக்கொள்கிறது, அல்லது இல்லையென்றே மறுத்துவிடுகிறது. இதை 12 பக்கங்களுக்கு எழுதியிருந்தேன்.

அதே மாதம் செய்முறை வகுப்பு. மூவர் மூவராக அமர்ந்து, ஆலோசகர், உதவி நாடி வந்தவர், கவனிப்பவர் என மாறி மாறிப் பயில்வோம். என் எதிரில் இருந்தவர் தம் தந்தையின் நோயைப் பற்றிப் பேசுகையில் குரல் உடைந்து அழுதார். நான் கனிவோடு, "இவ்வளவையும் தனியாகத் தாங்கியிருக்கிறீர்கள், நீங்கள் மிகவும் துணிவானவர்" என்றேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு புன்னகைத்தார். அமர்வு நன்றாக முடிந்ததென்றே நினைத்தேன். கவனிப்பவராக இருந்த தோழி தம் குறிப்பிலிருந்து ஒரே வரியைப் படித்தார்: "நீங்கள் பாராட்டியதும் அவர் அழுவதை நிறுத்திவிட்டார்."

எனக்குக் கோபம் வந்தது. ஆறுதல் சொல்வது குற்றமா என்று வாதிட்டேன். பின்னர் ஒலிப்பதிவைக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் எழுதியபோது, அவர் தளரவிருந்த மூன்று இடங்களிலும் நான் முந்திக்கொண்டு அவருடைய உறுதியைப் புகழ்ந்திருந்தது தெரிந்தது. அழாதவருக்கே மதிப்பு என்னும் நிபந்தனையைப் பாராட்டின் வடிவில் விதித்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று நெடுந்தூரம் தேட வேண்டியிருக்கவில்லை: 'இவள் அழவே மாட்டாள்' என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

ரோஜர்ஸ் ஒருவரே போதும் என்று நான் சொல்வதாக எவரும் சண்டைக்கு வர வேண்டாம். சுயம் என்பதைத் தனிமனிதருக்குள்ளேயே தேடுகிறார், உறவுகளுக்கும் சமூகத்துக்கும் போதிய இடம் தரவில்லை என்ற விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. உளப்பகுப்பாய்வாளர் வினிகாட் 1960இல் எழுதிய 'பொய்ச் சுயம்' பற்றிய கட்டுரையும் எனக்குத் தேவைப்பட்டது. பிறர் எதிர்பார்ப்புக்கு இணங்கி உருவாகும் அந்த முகம், உள்ளிருக்கும் மெய்யான சுயத்தை மறைத்துக் காக்கவும் செய்கிறது என்கிறார் அவர். ஆகவே அந்தப் புன்னகையை அவசரமாகப் பிடுங்கி எறிவதும் என் வேலையன்று.

எனக்குள்ள குறை வேறு. எங்களுக்குக் கற்பித்த ஒருவர், எதற்கும் ஐயம் எழுப்பும் மாணவியைப் பார்த்து, "உனக்கு முதற்பருவ நம்பிக்கையே உருவாகவில்லை" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னார். எரிக்சனோ, தம் முதற்பருவமான சிசுப் பருவத்துக்குரிய அந்த நம்பிக்கையையும் அவநம்பிக்கையையும் ஒரு விகிதமாகவே கண்டார். ஒருமுறை வென்றால் தீர்ந்துபோகும் தேர்வாக அவர் அதைக் கருதவில்லை. பிறர்மீது முத்திரை குத்துவதற்காகக் கோட்பாடு படிப்பதைவிடப் படிக்காமலிருப்பதே மேல் என்று அன்று தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

உங்களுக்கு ஒன்று சொல்வேன்: கட்டுரை எழுதும் அதே வாரத்தில் உங்கள் ஒலிப்பதிவு ஒன்றையும் வரிவரியாக எழுதிப் பாருங்கள். எனக்கு இரண்டுக்கும் இடையே மூன்று வாரங்கள் கடந்துவிட்டன. அதற்குள் கட்டுரைக்கு மதிப்பெண் போட்டுத் திருப்பியும் கொடுத்துவிட்டார்கள்.