மாற்ற வேண்டியது கணினியையா, அதில் ஒரு பாகத்தையா?

காரைக்குடி செக்காலைச் சாலையில் பல வருடங்களாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். "இதை மாற்றிவிடலாமா?" என்ற கேள்வி இல்லாமல் ஒரு நாளும் கடை அடைத்ததில்லை. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தேவகோட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்: வீட்டுக் கணினியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்கிறார்கள். என்னுடையதற்கு ஐந்து வயதாகிறது. நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றத்தான் வேண்டுமா தம்பி?

வேண்டாம் ஐயா. நன்றாக ஓடுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அந்த மூன்று வருடக் கணக்கு அலுவலகங்களிலிருந்து வந்தது. பெரிய நிறுவனங்கள் மூன்று வருட வாரண்டியோடு மொத்தமாக வாங்கும், வாரண்டி முடிந்ததும் மொத்தமாகக் கழித்துவிடும். நூறு பேர் வேலை நிற்கக் கூடாதென்றால் அது சரியான ஏற்பாடு. இன்னொன்று, 1990-களில் வாங்கிய கணினி இரண்டு வருடத்தில் உண்மையாகவே பழசாகிப்போனது. ஒரு சில்லில் (சிப்பில்) அடங்கும் டிரான்சிஸ்டர்கள் என்ற நுண்சுவிட்சுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று 1975-ல் இன்டெல் நிறுவனர்களில் ஒருவரான கார்டன் மூர் திருத்திச் சொன்ன கணக்கு, அப்போது நம் மேசையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. சில்லுகள் இன்றும் வளர்கின்றன. ஆனால் கடிதம் தட்டச்சு செய்யவும், செய்தி படிக்கவும், வங்கிக் கணக்குப் பார்க்கவும் அந்த வளர்ச்சி தேவைப்படவில்லை.

வருடத்தை எண்ணாதீர்கள். நீங்கள் செய்யும் வேலை மாறிவிட்டதா, இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதில் ஏமாந்துவிடக் கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஓய்வூதியக் கணக்கைத் திறக்கும் கணினியில் ஓட்டை அடைபடாமல் இருப்பது ஆபத்து. உங்களுடையது ஐந்து வயதுக் கணினி என்பதால் பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ ஏற்கும். அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள், அது போதும்.

பள்ளத்தூர், ஓர் ஆச்சி: 2016-ல் வாங்கியது. போட்டால் திரை வருவதற்குள் நான் உலை வைத்துவிட்டு வந்துவிடுவேன். மகன் சிங்கப்பூரிலிருந்து, "புதுசு வாங்கிவிடுங்கள் ஆத்தா" என்கிறான். பேரப்பிள்ளைகள் முகம் பார்க்கத்தான் வைத்திருக்கிறேன். அதற்கு இவ்வளவு செலவா?

ஆச்சி, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கணினியில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அது உள்ளே சுழலும் ஒரு தட்டு. ஒரு கை அந்தத் தட்டின் மேல் அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் பத்து மில்லிசெகண்டு ஆகும். கேட்பதற்குச் சிறியது. ஆனால் கணினி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைத் தேட வேண்டும். ஒரே ஆள் ஒரு பெரிய வீட்டின் எல்லாக் கட்டுக்கும் ஓடி ஓடிச் சாமான் எடுத்து வருவதைப் போல. உங்கள் உலை அந்த நேரத்தில்தான் கொதிக்கிறது.

அந்த டிஸ்கை எடுத்துவிட்டு, சில்லுகளிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டால் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. தேடும் நேரம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளிலேயே கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தருவது வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன். கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகமான ரேம் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்கிவிடுங்கள். வாங்கும் முன் அது டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்று பார்க்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. உங்கள் வருடத்தில் இரண்டு வகையும் விற்றன.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்கிறேன். விண்டோஸ் 11, இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. பெட்டியில் 'ஐ5 6500' என்று போட்டிருந்தால் முதல் எண் 6, அதாவது ஆறாம் தலைமுறை. 2016-ல் வாங்கியது எட்டாம் தலைமுறையாக இருக்க வழியில்லை. விண்டோஸ் 10-ல் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் திருத்தங்கள் தருகிறார்கள். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். பேரன் முகம் பார்க்கப் பிரவுசர் இருந்தால் போதும், அது லினக்ஸில் நன்றாகவே ஓடும். ஒருவேளை பிறகு புதிய மேசைக் கணினியே வாங்கினாலும் இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். போட்ட பணம் வீணாகாது.

கானாடுகாத்தான்: முகப்பில் இணையம் பறக்கிறது. மூன்றாம் கட்டில் என் மேசையில் ஒரு படம் திறக்க ஒரு நிமிடம். கணினி பழசு, மாற்றுங்கள் என்கிறார் ஒருவர்.

மாற்றாதீர்கள். முகப்பில் வேகமாக இருப்பதே விடை. உங்கள் வீட்டுச் சுவர்களின் கனம் உங்களுக்கே தெரியும். வைஃபை அலை இரண்டு சுவரைத் தாண்டும்போதே மூச்சு வாங்கிவிடும், அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சீக்கிரம் மங்கும். முகப்பிலிருந்து வளவு (உள்முற்றம்) ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுங்கள். நூறு மீட்டர் வரை வேகம் குறையாது. எவ்வளவு நீளமான வீடானாலும் அது போதும். சுவரைத் துளைக்காமல் கதவு நிலையோடு ஒட்டிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சைத் திரும்பப் பூச இன்று ஆள் கிடைப்பது கடினம்.

புதுவயல், அரிசி ஆலைக் கணக்கர்: மதியம் இரண்டு மணிக்கு மேல் கணினி தானாக அணைந்துவிடுகிறது. நான்கு வயதுதான். மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள் அண்ணன்.

தம்பி, முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆலையிலிருந்து வந்த கணினிகளை நான் திறந்திருக்கிறேன். விசிறிக்கும் பிராசசருக்கும் நடுவில் உமித்தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். காற்று உள்ளே போக வழியிருக்காது. பிராசசர் நூறு டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கு மேலும் சூடேறினால் நின்றுவிடும். காலையில் ஓடி மதியம் நிற்கிறதென்றால் என் சந்தேகம் முதலில் சூட்டின் மேல்தான், பிறகுதான் மதர்போர்டின் மேல். தூசியை ஊதித் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் இடத்தில் இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். வீடுகளுக்கு வருடம் ஒருமுறை, ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு செய்தால் போதும்.

அடுத்து மின்சாரம். இந்தப் பகுதியில் வயதாகிச் சாகும் கணினியைவிட மின்சாரத்தால் சாகும் கணினியையே நான் அதிகம் பார்க்கிறேன். ஐப்பசியில் இடி விழுந்த மறுநாள் காலை கடை வாசலில் வரிசை நிற்கும். பவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தூங்கினோம் என்பார்கள். மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை, இணையக் கேபிள் வழியாகவும் வரும். என் கடைக் கணினியின் லேன் போர்ட் ஒரு மழைநாளில் அப்படித்தான் கருகியது. பிளக்கையும் கேபிளையும் கையால் பிடுங்கி வைப்பது ஒன்றே நிச்சயமான காவல். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதியுங்கள். கணினிப் பெட்டியைத் தொட்டால் விரல் சுருக்கென்கிறதா? எர்த் இல்லை என்பதற்கு அது ஒரு அடையாளம். யூபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். கரண்ட் போன ஒரே நொடியில் கணினியும் அணைந்தால் மாற்ற வேண்டியது அந்தப் பேட்டரியைத்தான்.

நான் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு உங்கள் வேலைக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுவடைக் காலத்தில் ஒரு நாள் கணக்கு நின்றால் ஆலைக்கு ஆகும் நட்டம் பெரிது. ஆகவே கெட்டுப்போகும் வரை காத்திருக்காதீர்கள். அடுத்த கணினியை வாங்கிவிட்டு இதைத் துடைத்து மாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி, பொறியியல் மாணவர்: வீட்டில் இருக்கும் பழைய கணினியில் கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டால் முப்பரிமாண வரைபட வேலைக்குப் போதுமா?

கணினிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது, கார்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய கார்டை மாட்டி இரண்டையும் இழந்தவர்களைத் தெரியும். பிராசசர் நான்கு ஐந்து தலைமுறை பழசாக இருந்தால் கார்டு பாதி நேரம் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கும். கார்டுக்கு வைத்திருக்கும் பணத்தைச் சேர்த்துவைத்து மொத்தமாக வாங்குவது உங்களுக்கு நல்லது. வேலை மாறினால் கணினியும் மாற வேண்டும் என்று மேலே சொன்னது உங்களைப் போன்றவர்களுக்குத்தான்.

கோட்டையூர்: பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கிறது. தங்கைக்குத் தரலாமா? அடிப்பக்கம் லேசாகப் புடைத்திருக்கிறது.

புடைத்திருந்தால் இப்போதே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது. அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பேட்டரியைக் கழற்ற வருமானால் கழற்றிவிட்டு, நேராகச் சார்ஜரில் ஓட்டலாம். பெரும்பாலான பழைய மாடல்கள் அப்படி ஓடும். நம் ஊர் சிக்ரி ஆய்வு நிலையத்தில் 1953-லிருந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நடக்கிறது. பேட்டரியைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும் என்று நினைப்பேன். எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டால் தங்கை தட்டச்சுப் பழகவும் பாடம் பார்க்கவும் ஆகும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும்.

காரைக்குடி, புதுமணத் தம்பதி: புதிதாக வாங்கப் போகிறோம். நீண்ட நாள் வர எதைப் பார்க்க வேண்டும்?

பிறகு மாற்ற முடியாததில் இன்று செலவழியுங்கள், மாற்ற முடிவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பல மெல்லிய மடிக்கணினிகளில் ரேமை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். அப்படியானால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். கூடுதல் ரேம் மாட்ட இடம் காலியாக இருந்தால் 8 ஜிபியோடு தொடங்கலாம், ஆனால் 2025 கடைசியில் ரேம் விலை வெகுவாக ஏறியதை மறக்க வேண்டாம். வாங்கும் முன் அடிமூடியைத் திறக்க முடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

அரியக்குடி: என் கணவரின் சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) படங்கள் எல்லாம் பழைய கணினியில்தான் இருக்கின்றன. அவர் இப்போது இல்லை. கணினியைப் போட்டால் இரண்டு நாளாக டிக் டிக் என்று சத்தம் வருகிறது. படம் சில திறக்கவில்லை. மேம்படுத்தினால் சரியாகிவிடுமா தம்பி?

அம்மா, இதைப் படித்தவுடன் கணினியை அணைத்துவிடுங்கள். மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். அந்தச் சத்தம் டிஸ்கின் கை தடுமாறுகிற சத்தம். ஒவ்வொரு முறை போடும்போதும் தட்டு கீறப்படலாம். யாராவது விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்றால் விடாதீர்கள். இப்போது கணினியைப் பற்றிய பேச்சே வேண்டாம், படங்களை முதலில் எடுப்போம். டிஸ்கை மட்டும் கழற்றி, வேறு கணினியில் துணை டிஸ்காக மாட்டி, படிக்கிற வரை படித்து இரண்டு இடத்தில் நகல் எடுக்க வேண்டும். என்னால் முடியாத நிலையில் இருந்தால் தகவல் மீட்கும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்குச் செலவு கூடும், முன்பே சொல்லிவிடுவேன். பஸ்ஸில் கொண்டுவருவதானால் கணினியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வைத்தால் அதிரும். ஞாயிற்றுக்கிழமையானாலும் வாருங்கள், கடையைத் திறந்து வைக்கிறேன்.