முறுக்கு நமத்துப்போவதும் மிக்ஸர் சிக்கு வாடை அடிப்பதும்

கேள்வி: போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னதாகவே முள்ளு முறுக்கு, தட்டை, மிக்ஸர் எல்லாம் செய்து டப்பாவில் அடைத்துவிட்டேன். பண்டிகை அன்றைக்கே முறுக்கு நமத்துவிட்டது. மிக்ஸர் மொறுமொறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளில் சிக்கு வாடை வந்துவிட்டது. சூரியகாந்தி எண்ணெய்தான் பயன்படுத்துகிறேன். ஆயுத பூஜைக்கு வடை சுட்ட எண்ணெய் கொஞ்சம் இருந்தது, அதை வடிகட்டிப் புது எண்ணெயோடு சேர்த்துக்கொண்டேன். இந்த வருடம் கோவையில் விடுதியில் இருக்கும் மகளுக்கும் அனுப்ப வேண்டும். மூன்று வாரமாவது கெடாமல் இருக்க வழி உண்டா? மிஞ்சுகிற எண்ணெயை என்ன செய்வது? (ஒரு வாசகி, சிதம்பரம்)

பதில்: முறுக்குக்கு வந்ததும் மிக்ஸருக்கு வந்ததும் வேறு வேறு கோளாறு. முறுக்கைக் கெடுத்தது ஈரம். மிக்ஸரைக் கெடுத்தது காற்றும் எண்ணெயும். நல்ல டப்பா வாங்கினால் இரண்டும் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். டப்பாவின் வேலை கடைசியில்தான் வருகிறது. பலகாரம் எத்தனை நாள் நிற்கும் என்பது பெரும்பாலும் அடுப்படியிலேயே முடிவாகிவிடும்.

முதலில் முறுக்கு. தீபாவளி வருவது ஐப்பசியில், அடைமழைக் காலத்தில். உங்கள் ஊர் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் மழை நாட்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். சமையலறையில் கல் உப்பு ஜாடி கசிந்து நிற்குமே, அதே ஈரத்தைத்தான் முறுக்கும் இழுக்கிறது. நன்றாக வெந்த முறுக்கில் தண்ணீர் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேல் இருக்காது. அது கொஞ்சம் ஏறினாலே மொறுமொறுப்பு போய்விடும்.

ஆனால் நாலே நாளில் நமத்தது என்றால் வெளி ஈரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. முறுக்குக்குள்ளேயே ஈரம் தங்கியிருக்க வேண்டும். மாவைப் பிழிந்து எண்ணெயில் விட்டதும் சடசடவென்று குமிழி கிளம்புகிறது இல்லையா, அந்தக் குமிழி ஒவ்வொன்றும் மாவிலிருந்து வெளியேறும் நீராவி. அது அடங்க அடங்கத்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் குறைகிறது. தீயைக் கூட்டி வைத்தால் மேல்புறம் சீக்கிரம் சிவந்துவிடும், நடு மாவு வேகாமல் நிற்கும். நிறத்தைப் பார்த்து எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மிதமான தீயில், எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது போட்டு, சலசலப்பு ஏறக்குறைய நின்றபிறகு எடுங்கள். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் போய் ஓரிரு நொடியில் மேலே வந்தால் சரியான சூடு. போட்ட கையோடு மேலே வந்து சிவந்தால் சூடு அதிகம். அடியிலேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை என்று அர்த்தம், அந்தச் சூட்டில் போடும் முறுக்கு எண்ணெயைக் குடிக்கும்.

முதல் ஈடு ஆறியதும் ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். டக்கென்று முறிந்து, உள்ளே ஓரத்திலிருந்து நடுவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவில் மெலிதாக, கொஞ்சம் பளபளப்பான மாவுக் கோடு தெரிந்தால் அந்த ஈடு வேகவில்லை. அதை மறுபடி எண்ணெயில் போட்டு எடுக்கலாம், தவறில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு அடுத்த ஈட்டைப் பிழிந்தால், பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது ஆற வைப்பது. சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் நீராவி மூடியில் வியர்த்து, திரும்ப முறுக்கின் மேலேயே சொட்டும். இது பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இதற்கு நேர்மாறான தவறு: ‘நன்றாக ஆறட்டும்’ என்று ராத்திரி முழுக்கத் தட்டில் திறந்து வைப்பது. மழை நாளில் அப்படி வைத்தால் விடிவதற்குள் ஈரம் ஏறிவிடும். அகலமான தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, தொட்டால் சூடே தெரியாத நிலை வந்ததும் உடனே அடைத்துவிடுங்கள். எண்ணெய் வடிய அடியில் சுத்தமான துணியோ டிஷ்யூவோ போதும். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் எண்ணெய்ப் பண்டத்தில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

மில்லில் அரைத்து வந்த மாவு கைபொறுக்காத சூட்டில் இருக்கும், அதை அப்படியே தூக்கில் கொட்டி மூடாதீர்கள். பரப்பி ஆறவிட்டுச் சலித்து வையுங்கள். வறுத்து அரைத்த உளுந்த மாவுக்கும் இதுதான். நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்த மாவு என்ற கணக்கு பெரும்பாலும் கைவிடாது. சோடா உப்பைத் தவிர்த்துவிடுங்கள், முறுக்கு பொரபொரப்பாகி எண்ணெயை உறிஞ்சும். வெண்ணெய் அளவுக்கு மீறினாலும் அப்படித்தான், எண்ணெயில் விட்டதும் உதிரவும் செய்யும்.

இனி மிக்ஸர். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: ஆயுத பூஜை வடை எண்ணெய். வடை மாவில் தண்ணீர் அதிகம். காய்ந்த எண்ணெயில் அந்தத் தண்ணீர் படும்போது எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. காற்றோடு சேர்ந்து கெடும் வேலையும் அந்தச் சூட்டில் தொடங்கிவிடுகிறது. வடிகட்டினால் தூள் போகுமே தவிர இந்தச் சிதைவு போகாது. பழைய எண்ணெயைப் புதிதோடு கலந்தால் புதியதும் சீக்கிரம் கெடும். நாள்பட வைக்க வேண்டிய பலகாரத்துக்குப் புது எண்ணெய்தான், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். சூரியகாந்தி எண்ணெயில் காற்றோடு எளிதில் வினைபுரியும் கொழுப்பு அதிகம். அன்றாடச் சமையலுக்கு அது பரவாயில்லை, வாரக்கணக்கில் டப்பாவில் இருக்கப்போகும் பண்டத்துக்குப் பொருந்தாது. கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ இன்னும் நாள் தாங்கும். தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் விட நிற்கும், அதன் மணம் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வனஸ்பதி வேண்டாம்.

முறுக்கை விட மிக்ஸர் முந்திக்கொண்டு காறுவதற்குக் காரணம் உண்டு. ஓமப்பொடியும் பூந்தியும் மெல்லியவை, எடைக்கு எடை பார்த்தால் காற்றுப் படும் பரப்பு மிக அதிகம். போதாததற்கு வேர்க்கடலை தன் எண்ணெயையும் கொண்டுவருகிறது. வேர்க்கடலையை வாங்கியதும் நாலைந்தை மென்று பாருங்கள். லேசாகக் கசந்தாலும் அது ஏற்கனவே காறத் தொடங்கிய கடலை, அதைப் போட்டால் மொத்த மிக்ஸரும் போகும். கறிவேப்பிலையைக் கழுவித் துணியில் ஈரம் போக உலர்த்தி, கையில் எடுத்தால் நொறுங்கும் அளவுக்குப் பொரியுங்கள். பூண்டு போடும் பழக்கம் இருந்தால் அதற்கும் அதே பதம். உலர் திராட்சையை மிக்ஸரில் கலக்காதீர்கள், அதன் ஈரம் மற்றதையெல்லாம் நமக்க வைக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தபின்தான் டப்பா. இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா நல்லது. ஒரு பெரிய தூக்கில் எல்லாவற்றையும் கொட்டி வைப்பதை விட, நாலு சின்ன டப்பாக்களில் விளிம்புவரை நிரப்பி வையுங்கள். டப்பா பாதி காலி என்றால் மீதி காற்று. தினமும் எடுக்க ஒன்றை மட்டும் திறந்து, அது தீர்ந்தபின் அடுத்தது. அடுப்புக்குப் பக்கத்தில், வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்க வேண்டாம். கண்ணாடி ஜாடி அழகுதான், ஆனால் வெளிச்சமும் எண்ணெயைக் காற வைக்கும். பித்தளைப் பாத்திரத்தில் அடைக்கக் கூடாது, அதிலுள்ள செம்பு அந்த வேலையைத் துரிதப்படுத்தும். இன்னொன்று: அதிரசமும் முறுக்கும் ஒரே டப்பாவில் இருந்தால் அதிரசத்தின் ஈரம் முறுக்குக்குப் போய்விடும். இரண்டும் கெடும்.

இவ்வளவும் செய்தால் மூன்று வாரம் தாராளமாக நிற்கும். நடுவில் நமத்தால் கவலை வேண்டாம், அதைத் திருப்பிவிடலாம். ஓவனில் 120 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம், அல்லது அடிகனமான வாணலியில் எண்ணெயில்லாமல் சிறு தீயில் புரட்டி, ஆறியபின் மூடுங்கள். சிக்கு வாடை வந்ததை மட்டும் திருப்ப முடியாது. வெயிலில் வைப்பது, மிளகாய்த்தூள் தூவுவது எல்லாம் வாடையை மறைக்கும், அவ்வளவுதான். எவ்வளவு செலவு செய்திருந்தாலும் கொட்டிவிடுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மகளுக்கு அனுப்புவதற்குத் தேன்குழலை விடத் தட்டையும் காராசேவும் நல்லது, உடையாமல் போய்ச் சேரும். காற்றை அழுத்தி வெளியேற்றிய ஜிப் பையில் ஒரு தடவைக்குத் தேவையான அளவாகப் பிரித்துப் போட்டு, அந்தப் பைகளைக் கெட்டியான டப்பாவுக்குள் அசையாமல் அடுக்குங்கள். விடுதி அறையில் ஒரு டப்பாவைத் திறந்தால் பத்துக் கை நுழையும், சிறு பைகள் அதற்கும் தோதானவை. இனிப்பில் அதிரசமும் பொருவிளங்காய் உருண்டையும் பயணம் தாங்கும். பால்கோவா, தேங்காய் பர்பி போன்றவற்றை அனுப்பாதீர்கள். கடையில் இனிப்பை உதிரியாக வாங்கி அனுப்புவதானால் தட்டில் ‘எந்தத் தேதிக்குள் உண்ணலாம்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 2020 அக்டோபர் 1 முதல் அதை எழுதி வைப்பது கட்டாயம்.

கடைசியாக, மிஞ்சும் எண்ணெய். கருத்துப்போய், கெட்டியாகி, சூடேறும்போது நுரைத்து, முன்பை விடச் சீக்கிரம் புகைந்தால் அது உணவுக்கு ஆகாது. கடைகளுக்கு இதற்கென்று சட்டமே இருக்கிறது: எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை, ஆகவே இந்த அடையாளங்களை நம்புங்கள். நல்ல நிலையில் இருப்பதை ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி வைத்து, தாளிக்கவும் பொரியலுக்கும் சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். கெட்டுப்போனதை சிங்கில் ஊற்றாதீர்கள், குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். பழைய காகிதத்திலோ மரத்தூளிலோ ஊற்றி ஊறவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.